சிஸ்டரைக் கேட்டீர்களா?

பார்ம் டி என்கிற ஆறு வருட மருந்தாளுநர் படிப்பின் இன்டர்ன்களை வார்டில் மேய்ப்பது என் வேலை. வந்த புதிதில் டீம்வொர்க் முக்கியமா என்று கேட்டால் ஒருவர்கூட இல்லை என்று சொல்ல மாட்டார்கள். வெவ்வேறு மருத்துவத் துறை மாணவர்கள் சேர்ந்து கற்கத் தயாரா என்று அளப்பதற்கென்றே 1999இல் இங்கிலாந்தில் ‘ரிப்பிள்ஸ்’ என்று 19 வாக்கியங்கள் கொண்ட படிவம் ஒன்றை உருவாக்கினார்கள். அதைக் கொடுத்தாலும் ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’ பக்கம்தான் டிக் விழும். டிக் அடிக்கக் காசா பணமா?

டீம் என்றால் அவர்கள் மனதில் டாக்டர் மட்டும்தான். ரவுண்ட்ஸ் முடிந்து வந்ததும் பேச்சு எல்லாம், மருந்து பற்றித் தாங்கள் சொன்னதை டாக்டர் ஏற்றாரா இல்லையா என்பதைச் சுற்றியே இருக்கும். எங்கள் படிவத்திலும் அதற்குத்தான் கட்டம்: ஏற்கப்பட்டது, ஏற்கப்படவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. இந்தப் படிப்பு இந்தியாவுக்கு வந்ததே 2008இல்தான். ஆறு வருடப் படிப்பின் கடைசி வருடத்தில் வார்டில் நின்றால், “நீங்க மெடிக்கல் ஷாப்பா?” என்று நோயாளியின் உறவினர் கேட்கிறார். டாக்டர் ஒருவர் தலையாட்டினால்தான் படிப்புக்கு மரியாதை என்று தோன்றத்தானே செய்யும்? அப்புறம், ஒரே வளாகத்தில் படித்தாலும் நர்சிங் மாணவர்களோடு ஒரு வகுப்பில்கூட இவர்கள் சேர்ந்து உட்கார்ந்ததில்லை.

பக்கவாதம் வந்து மூக்குக் குழாய் போட்டிருந்த ஒரு பெரியவர். பி.பி.க்கு நிஃபெடிபின் ரிடார்ட் மாத்திரை எழுதியிருந்தது. இன்டர்ன் கேஸ் ஷீட்டைப் பார்த்தார். டோஸ் சரி, மற்ற மருந்துகளோடு மோதலும் இல்லை. ஆனால் பி.பி. மட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. டோஸைக் கூட்டலாமா என்று டியூட்டி டாக்டர் யோசித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அந்த இன்டர்னை மருந்து ட்ராலி பக்கத்தில் நிற்கச் சொன்னேன். சிஸ்டர் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கிக் குழாய்க்குள் செலுத்தினார். மெதுவாகக் கரைவதற்கென்று செய்த மாத்திரை அது. பொடித்தால் பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டியது மொத்தமாக இறங்கிவிடும், பி.பி. சட்டென்று விழும், மாலைக்குள் மருந்தின் வேகம் தீர்ந்து மறுபடி ஏறும்.

“ரெண்டு நாளா மருந்து குடுத்ததும் பி.பி. இறங்குதுன்னு சார்ட்ல எழுதித்தானே வச்சிருக்கேன்” என்றார் சிஸ்டர். எழுதித்தான் வைத்திருந்தார். இன்டர்ன் அந்தப் பக்கத்தைப் புரட்டியதே இல்லை. டாக்டருக்கு டோஸ் தெரியும், சிஸ்டருக்குப் பொடிப்பதும் பி.பி. விழுவதும் தெரியும், பொடிக்கக் கூடாது என்பது இன்டர்னுக்குத் தெரியும். மூன்றும் ஓரிடத்தில் சேரவில்லை, அவ்வளவுதான். மாத்திரையைப் பொடிக்கக்கூடிய அம்லோடிபினாக மாற்ற டாக்டர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

அதிலிருந்து ரவுண்ட்ஸுக்கு முன்னால் ட்ராலி என்பதை வழக்கமாக்கிவிட்டேன். “ஆறு வருஷம் படிச்சது மாத்திரை பொடிக்கவா சார்?” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அப்படிக் கேட்பது பெரும்பாலும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள். மார்க் அதிகமாக ஆக, சிஸ்டரிடம் கேட்கிற கூச்சமும் அதிகமாகிறது என்பது என் அனுமானம்.

பொடிக்கக் கூடாத மருந்துகளின் பட்டியல் ஒன்றை இன்டர்ன்களே தயாரித்தார்கள். வழக்கம்போல எல்லாம் ஜெனரிக் பெயரில், அதாவது மருந்தின் பொதுப் பெயரில். சிஸ்டர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்: “காலைல ஆறு மணிக்கு ஸ்ட்ரிப்ல இருக்கிற பேரைத்தான்மா நாங்க பார்ப்போம். அதுல எழுதிக் குடுங்க.” சரி என்று பிராண்ட் பெயரும் சேர்த்து ட்ராலியில் ஒட்டினோம். ஸ்டோரில் பிராண்ட் மாறும்போதெல்லாம் பட்டியலைத் திருத்தியாக வேண்டும். அது யார் வேலை என்று இன்டர்ன்களுக்குள் இப்போது தகராறு.