குளிர்சாதனப் பெட்டிக்குத் தண்ணீர்க் குழாய்

2024 மார்ச் 3, ஞாயிறு

கதவிலேயே குடிநீரும் பனிக்கட்டியும் தரும் குளிர்சாதனப் பெட்டி திருகோணமலை உப்புவெளியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. குழாய் இழுப்பதுதான் மிச்சம். ஹாட்வெயார் கடைக்காரர் கண்ணாடிபோல் தெளிந்த, விரலுக்கு மெத்தென்ற கால் அங்குலக் குழாயொன்றை எடுத்து வைத்து, "எல்லாரும் இதைத்தானே வாங்குகினம், ஐயா" என்றார். நான் வாங்கவில்லை. அது பிவிசி; அதை நெகிழச் செய்வதற்குச் சேர்க்கப்படும் தாலேட்டுகள் போன்ற பொருட்கள் நீரில் கசியக்கூடியவை. பெட்டியின் பின்புறம் எப்போதும் சூடாக இருப்பதால் கசிவு கூடவே செய்யும். இரவு முழுவதும் அந்தக் குழாயில் தேங்கி நிற்கும் நீரைத்தான் காலையில் பேத்தி முதலில் குடிப்பாள். வெளிச்சம் ஊடுருவும் குழாயில் பாசி பிடிக்கும் என்பது வேறு.

மார்ச் 5, செவ்வாய்

இன்று வேறு கடையில் வெள்ளைப் பொலிஎத்திலீன் குழாய் கிடைத்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் மேல் அச்சிட்டிருந்ததை வாசித்தேன்: என்எஸ்எஃப் 61. குடிநீரைத் தொடும் பொருட்களிலிருந்து நீருக்குள் என்ன கலக்கிறது என்பதைச் சோதிக்கும் தரம் அது. சுருளின் உறையில் மட்டும் 'உணவுத் தரம்' என்று ஒட்டியிருப்பதை நான் சான்றாகக் கொள்ளமாட்டேன். எழுத்து குழாயிலேயே இருக்க வேண்டும்.

செம்புக் குழாயை எலி கடிக்காது, அதில் மணமும் இல்லை. ஆனால் அமிலத்தன்மையுள்ள நீர் தேங்கினால் செம்பு கரையும். உலகச் சுகாதார நிறுவனம் அதற்கு லீற்றருக்கு 2 மில்லிகிராம் என்று எல்லை வகுத்துள்ளது. பெட்டியை இழுத்துத் தூசு தட்டும்போது மடிந்து நெரிந்துவிடும் என்பதும் ஒரு குறை. எஃகுக் கம்பி பின்னிய குழாயைப் பலர் பாராட்டுகிறார்கள். கடற்கரையிலிருந்து நடக்கும் தூரத்தில் குடியிருப்பவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்: உப்புக்காற்று பின்னலை அரித்து, இழைகள் அறுந்தால், உள்ளிருக்கும் குழாய் அழுத்தம் தாங்காமல் வெடித்துவிடும்.

மார்ச் 9, சனி

நேற்றுச் சிவராத்திரி, கோணேசர் கோயிலில் கண்விழித்த குழாய் வேலைக்காரத் தம்பி இன்று பிற்பகல்தான் வந்தார். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து எடுக்கலாம் என்றார். பெட்டியின் கையேடு குறைந்தது 20 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 20 இறாத்தல், அழுத்தம் கேட்கிறது. அதற்குத் தொட்டி ஏறத்தாழ 14 மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று கணக்கைக் காட்டியதும் அவரும் ஒப்புக்கொண்டார். கந்தளாயிலிருந்து வரும் நீர்வழங்கல் சபையின் பிரதான இணைப்பிலேயே மூன்று வாயுள்ள 'டீ' மூட்டு வைத்து, தனி வால்வு பூட்டினோம். குழாயைத் துளைத்துக் கவ்வும் மலிவு வால்வு காலப்போக்கில் ஒழுகும், அதை வேண்டாமென்றேன். குழாயின் முனையைச் சாய்வில்லாமல் நேராக வெட்டி, உள்ளே சிறு பித்தளைக் குழலைச் செருகிய பிறகே நட்டை இறுக்கினார். எலிக்குப் பயந்து, அலுமாரிக்குப் பின்னால் போகும் பகுதியை மின்கம்பிக்குப் போடும் பிவிசிக் குழாய்க்குள் நுழைத்தோம்.

மார்ச் 11, திங்கள்

மூட்டுகளைச் சுற்றிக் கட்டிவைத்த கடதாசி காய்ந்தே இருக்கிறது. சில வாளி நீரை ஓடவிட்டு, முதலில் விழுந்த பனிக்கட்டிகளையும் கொட்டிவிட்டேன். இப்போது பிளாஸ்ரிக் வாடை இல்லை. பெட்டியை வெளியே இழுக்க வசதியாகப் பின்னால் பெரிய வளையமாகக் குழாயை மிச்சம் விட்டிருக்கிறோம். வெளியூர் போகும்போது மூடவேண்டிய வால்வை மருமகளுக்கும் காட்டிவிட்டேன்.