33 வினாடித் துடிப்பைத் தேடி

முதுநிலை இயற்பியலின் இறுதிப் பருவ ஆய்வுக்கு ஏஇ அக்வாரி என்னும் இரட்டை விண்மீனை எடுத்துக்கொண்டேன். ஏறக்குறைய 300 ஒளியாண்டுத் தொலைவில், எரிபொருள் தீர்ந்து பூமியளவுக்குச் சுருங்கிய ஒரு வெண்குறு விண்மீனும் அதனிடம் தன் வாயுவை இழந்துகொண்டிருக்கும் துணை விண்மீனும் 9.88 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. அந்த வெண்குறு விண்மீன் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள எடுக்கும் நேரமோ 33.08 வினாடிதான். அந்தச் சுழற்சிக்கேற்ப அதன் ஒளி கூடிக் குறைவதே துடிப்பு. 1979இல் வானியலாளர் ஜோசப் பேட்டர்சன் அறிவித்த இந்தத் துடிப்பை, ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் பழைய புறஊதாப் பதிவுகளிலிருந்து மீட்டெடுப்பதே என் வேலை.

காவலூர் வானாய்வகம் தருமபுரிக்கு அதிகத் தொலைவில்லையே, அங்கே போய்ப் பார்க்கக் கூடாதா என்று அப்பா கேட்டார். வெண்குறு விண்மீனின் காந்தத் துருவங்களை ஒட்டிய சூடான பகுதிகள் புறஊதாவில்தான் மிகுதியாக ஒளிர்கின்றன. அந்த ஒளியை ஓசோன் படலம் தடுத்துவிடுவதால், காவலூரின் 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கும் அது எட்டாது என்று விளக்கினேன்.

ஹபிள் பதிவுகளைக் கட்டணமின்றி எவரும் பெறலாம் என்பதால், பென்னாகரத்தில் எங்கள் வீட்டிலிருந்தே ஒரே மாலையில் இறக்கிவிட்டேன். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. இரைச்சலைக் குறைக்கும் எண்ணத்தில் அடுத்தடுத்த குறும்பதிவுகளை அரை நிமிடத்துக்கு ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுத்தேன். தேடிய துடிப்பையே அந்தச் சராசரி அழித்துவிட்டது என்பதை உணர இரண்டு வாரம் ஆயிற்று. பூமியின் மேல்வளிமண்டல ஹைட்ரஜன் உமிழும் 1216 ஆங்ஸ்ட்ராம் ஒளி, ஹபிள் பகல் பக்கம் வரும்போதெல்லாம் கூடியதால், அந்த அலைநீளத்தையும் விலக்க வேண்டியிருந்தது.

இதைவிடக் கடினமாக இருந்தது நேரத் திருத்தம். பூமி ஒரு நாளில் சுமார் 26 லட்சம் கிலோமீட்டர் நகர்கிறது; அத்தொலைவைக் கடக்க ஒளிக்கு எட்டரை வினாடிக்கு மேல் ஆகும். விண்மீனை நோக்கியோ அதைவிட்டு விலகியோ நாம் நகரும் மாதங்களில், மறுநாளின் துடிப்புகள் ஏறத்தாழ அந்த அளவுக்கு முந்தியோ பிந்தியோ வந்து சேரும். பூமியின் இந்த நகர்வு கணக்கைக் குழப்பாதிருக்க, ஒவ்வொரு பதிவின் நேரத்தையும், ஒளி சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு வந்து சேரும் நேரமாக மாற்றினேன். வெண்குறு விண்மீன் தன் சுற்றுப்பாதையில் அருகே வந்து விலகுவதால் துடிப்பு இரண்டு வினாடி வரை முன்பின்னாக வருவதையும், வழிகாட்டிப் பேராசிரியர் நினைவூட்டிய பிறகு கணக்கில் சேர்த்தேன்.

அன்றிரவு பதிவுகளை 33.08 வினாடித் துண்டுகளாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வரைந்தபோது, அதுவரை கலங்கிக் கிடந்த வரைபடத்தில் அரைச் சுற்று இடைவெளியில் இரண்டு முகடுகள், ஒன்று உயரமாகவும் மற்றது தாழ்வாகவும், தெளிவாக எழுந்து நின்றன. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விடியுமுன் பேராசிரியருக்கு அனுப்பிவைத்தேன்.