அரை மணி நேரம் கழித்துத் தண்ணீர்

பிப்ரவரி 11

வயிறு வலிக்கவில்லை, இடது தோள்தான் வலிக்கிறது. எடை குறைக்க இரைப்பையைச் சின்னப் பையாக்கிக் குடலோடு இணைக்கும் ஆப்பரேஷன் முடிந்துவிட்டது. அப்போது வயிற்றை உப்பவைக்க ஏற்றிய வாயுவில் மிச்சம் உள்ளே தங்கி உதரவிதானத்தைச் சீண்டுகிறதாம். நடந்தால் போய்விடும் என்கிறார்கள். வராந்தாவின் கோடி வரை போய்த் திரும்பினேன்.

கட்டிலருகே ஒரு சின்னப் பிளாஸ்டிக் குவளை, 30 மில்லி. புதிதாகத் தைத்திருக்கும் பையின் கொள்ளளவே ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தத் தண்ணீரைக் கால் மணி நேரமாக உறிஞ்ச வேண்டும். குவளையைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். பாதி காலியாவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது.

பிப்ரவரி 14

கனவில் குழாயில் வாயை வைத்து மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தேன். விழித்ததும் அழுகை.

பிப்ரவரி 19

போன் செய்கிற எல்லோருக்கும் ஒரே கேள்வி: பசிக்கிறதா? பசிக்கவில்லை. அடக்கிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறார்கள். அடக்குவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. குடலிலிருந்து மூளைக்குப் போகும் ஹார்மோன் செய்திகளே கொஞ்ச காலத்துக்கு மாறிவிடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நான்தான் நம்பவில்லை. முப்பது வருடமாக என் காதுக்குள் கத்திக்கொண்டிருந்த ஒன்று வாயை மூடியிருக்கிறது.

தாகம் மட்டும் அப்படியே இருக்கிறது. நாளுக்கு ஒன்றரை லிட்டர் குறையக் கூடாது. ஒரே மூச்சில் குடிக்க முடியாதவளுக்கு ஒன்றரை லிட்டர் என்பது முழுநேர வேலை. அதற்கு நடுவே 60 கிராம் புரதம். பொடி கரைத்த பானத்தில் வெனிலா வாசனை. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கலாம், ஆனால் மெதுவாகத்தான் குடிக்க வேண்டும் என்பதால் மூக்கை எவ்வளவு நேரம் பிடிப்பது?

அக்கா எடை பார்க்கும் இயந்திரத்தை ஒளித்துவைத்துவிட்டாள். நல்லதுதான்.

மார்ச் 3

இயந்திரம் கிடைத்துவிட்டது. துணி அலமாரிக்குப் பின்னால்.

எண் அசையவில்லை. ஒரு நாளைக்கு நான் சாப்பிடுவதைப் பார்த்தால் குருவிகூடப் பரிதாபப்படும், அந்த எண் மட்டும் ஒரு வாரமாகக் கல்லாகக் கிடக்கிறது. உணவியல் நிபுணருக்கு இது பழகிய அழைப்பு. முதலில் இறங்கியதில் பெரும்பங்கு தண்ணீர். உடம்பு சேர்த்துவைத்திருந்த மாவுச்சத்து கரையும்போது அதோடு சேர்ந்து போனது. மூன்றாவது வாரவாக்கில் பலருக்கும் இப்படி நிற்கும், தானே நகரும் என்றார். அவர் குரலில் இருந்த நிதானம் எரிச்சலைக் கிளப்பியது. அக்காவிடம் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்து, இன்னும் நல்ல இடமாகப் பார்த்து வையுங்கள் என்றேன்.

மார்ச் 15

முட்டை!

அரை முட்டை. வேகவைத்து, மசித்து, தயிர் விட்டுக் குழைத்தது. குழந்தைக்கு ஊட்டுகிற சின்னக் கரண்டி. மஞ்சள் கரு நாக்கில் மாவாகப் பரவி, உப்பு கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. இத்தனை வருடத்தில் எத்தனை முட்டை தின்றிருப்பேன்! இந்த உப்பு இவ்வளவு பிந்தி வரும் என்பது தெரியாது. ஒவ்வொரு வாய்க்கும் கரண்டியைக் கீழே வைக்க வேண்டும் என்பது விதி. வைத்தேன். இருபத்தைந்து நிமிடம் ஆனது.

நிறைந்ததற்கு என் உடம்பு வைத்திருக்கும் அடையாளம் விசித்திரமானது: மூக்கு ஒழுகுகிறது. ஏப்பமில்லை, கனமில்லை. மூக்கு ஒழுகினால் சாப்பாடு முடிந்தது. தட்டில் இன்னும் ஒரு கரண்டி இருந்தது. அக்கா, "ஒரு வாய்தானே, வீணாக்குவானேன்" என்றாள். அந்த ஒரு வாயில்தான் எல்லாம் இருக்கிறது என்று இவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

ஏப்ரல் 2

கோழி அடைத்துக்கொண்டது. நேற்று வெந்ததை இன்று சூடாக்கினார்கள். ஈரமெல்லாம் போய் நாராகிவிட்டது. மென்றுதான் விழுங்கினேன். நெஞ்செலும்புக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. பிறகு எச்சில். நிற்காத, கெட்டியான, வெள்ளை நுரை. கழுவுதொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு துப்பிக்கொண்டே நின்றேன். மகள் தண்ணீரோடு ஓடி வந்தாள். தண்ணீர் விட்டால் இறங்காது, மேலேதான் ஏறும் என்று கையை ஆட்டித் தடுத்தேன். தானாக இறங்கியது.

வாந்தி நிற்காமல் போனால் மட்டும் காத்திருக்கக் கூடாது, உடனே வர வேண்டும். தயமின் என்ற வைட்டமின் பி1 தீர்ந்துபோனால் மூளை வரை பாதிக்கும். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாளில் அந்த வரியை டாக்டர் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தார்.

ஏப்ரல் 10

இன்று முழுக்க மாத்திரைச் சிந்தனை. கால்சியம் சிட்ரேட், 500 மில்லிகிராம், மூன்று வேளை. ஒரே வேளையில் மூன்றையும் போட்டுத் தொலைத்துவிட முடியாது; உடம்பு ஒரு தடவைக்கு அவ்வளவுதான் எடுத்துக்கொள்ளும். இரும்புச்சத்து தனி. கால்சியமும் இரும்பும் சக்களத்திகள், நடுவே இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். தேநீரும் காபியும் இரும்பைக் கெடுக்கும், அவற்றையும் தள்ளிவைக்க வேண்டும். சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குத் தண்ணீர் கூடாது, மாத்திரைக்கோ தண்ணீர் வேண்டும். வைட்டமின் டி. பி12 நாக்கின் அடியில் கரைகிறது; ரத்தத்தில் அளவு இறங்கினால் மாதம் ஒரு ஊசி. காகிதத்தில் கட்டம் போட்டுப் பார்த்தேன். விழித்திருக்கிற நேரத்தில் காலியான கட்டம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இது எவ்வளவு காலத்துக்கு என்று மகள் கேட்டாள். சாகும் வரை என்றேன். சொன்ன விதம் கொஞ்சம் கடுமை.

ஏப்ரல் 11

தண்ணீர் 1,350 மில்லி. புரதம் 52. யாரும் பேச வேண்டாம்.

ஏப்ரல் 28

சின்ன அத்தை வீட்டில் விருந்து. என் முகத்தை யாரும் பார்க்கவில்லை, தட்டையே பார்த்தார்கள். மறுத்து மறுத்து ஓய்ந்த பிறகு அத்தை கையில் ஒரு டம்ளர் பழச்சாற்றைத் திணித்தார். "பழம்தானே அம்மா, உடம்புக்கு நல்லது." சர்க்கரையை அவர் குறிப்பிடவில்லை. கால் டம்ளர்கூட இருக்காது. இருபது நிமிடத்தில் இதயம் படபடவென்று அடித்தது, காதுக்குப் பின்னால் வியர்வை, கை நடுக்கம், குடல் முறுக்கல். உள் அறையில் படுத்துக்கொண்டேன். வாசலில் பேச்சு: "இந்த ஆப்பரேஷனே வேண்டாம் என்று அப்போதே சொன்னேன்." வயிற்றில் நின்று நிதானமாக இறங்க வேண்டிய சர்க்கரை நேராகக் குடலில் போய் விழுகிறது, அதைக் கரைக்க உடம்பு தண்ணீரை அங்கே கொட்டுகிறது, அவ்வளவுதான் அத்தை என்று எழுந்துபோய்ச் சொல்ல ஆசை. எழுந்திருக்க முடியவில்லை.

மே 20

முடி. சீப்பில், தலையணையில், குளியலறைச் சல்லடையில்.

மூன்றாம் மாதத்துக்குப் பிறகு கொட்டும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி வந்தால் முடிவேர்கள் ஒட்டுமொத்தமாக ஓய்வுக்குப் போகும், சில மாதம் கழித்து உதிரும், புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் மறுபடி முளைக்கும். தெரிந்ததால் என்ன? சல்லடையில் இருந்ததைச் சுருட்டி எடுத்தபோது உள்ளங்கை நிறைந்தது. எடை இறங்கியதைக் கண்ணாடியில் பார்க்கப் போனால் வகிடுதான் கண்ணில் படுகிறது.

முடிக்கு நல்லது, பயோட்டின் வைட்டமின் வாங்கு என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். வாங்க மாட்டேன். கட்டத்தில் இடமில்லை.

ஜூன் 9

கடைவாய்ப் பல். பல் டாக்டர் இபுபுரூஃபென் எழுதினார். முடியாது, தையல் போட்ட இடத்தில் புண் வரும், பாராசிட்டமால் கொடுங்கள் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மாற்றி எழுதினார். இனி எந்த டாக்டரிடமும் வாயைத் திறப்பதற்கு முன் வயிற்றைச் சொல்ல வேண்டும்.

ஜூன் 30

ஒரு டம்ளர் தண்ணீர். நடுவில் நிறுத்தாமல். மடக் மடக்கென்று இல்லை, ஆனாலும்.

ஜூலை 19

பசி திரும்பிவிட்டது.

முதலில் அமிலம் என்று நினைத்தேன். அமில மாத்திரை போட்டும் அடங்கவில்லை. காலை பதினொரு மணிக்கு, அலுவலகத்தில், அடையாளம் தெரிந்துவிட்டது. வரும் என்று சொல்லியிருந்தார்கள்தான். முதல் வருடம் உனக்குக் கொடுத்த அவகாசம், அதற்குள் பழக்கத்தை மாற்றிக்கொள் என்று. ஆறு மாதம்கூட முழுதாகக் கொடுக்கவில்லை.

மூக்கு ஒழுகுவதும் தாமதமாகிறது. கோழித்துண்டு இன்றைக்கும் நின்று முறைக்கிறது. பிஸ்கட்டோ வாயிலேயே கரைந்து வழுக்கிக்கொண்டு போகிறது, எத்தனை போனாலும் உள்ளே ஆட்சேபணையே இல்லை. என்ன நியாயம் இது! உடம்புக்கு வேண்டியது அடைக்கிறது, வேண்டாதது சறுக்கிக்கொண்டு போகிறது. முதலில் மீனோ முட்டையோ பருப்போ, பிறகு காய், இடம் மிஞ்சினால் மற்றது என்ற வரிசை எதற்கு என்று இன்றைக்குத்தான் வயிறு விளக்கியது. மகளுக்காக வாங்கிய பிஸ்கட் டப்பாவை அவள் அறையிலேயே வைக்கச் சொன்னேன். "நீங்கள் என் அறைக்கு வருவீர்களே அம்மா" என்றாள்.

ஜூலை 20

போகவில்லை.

ஆகஸ்ட் 8

கூட வேலை செய்பவர் மதிய உணவின்போது சொன்னார்: "எங்களை மாதிரி கஷ்டப்பட்டுக் குறைப்பவர்கள் ஒரு பக்கம், நீங்கள் குறுக்கு வழியில் போய்விட்டீர்கள்." சிரித்துக்கொண்டே, பிரியமாகத்தான். வாயில் மீன் இருந்தது. மென்று முடிப்பதற்குள் அவர் சாப்பிட்டு எழுந்து போய்விட்டார். பதில் இரவு பத்து மணி வரை வந்துகொண்டே இருந்தது. ஒன்றைவிட ஒன்று நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 21

ஆறு மாதப் பரிசோதனை. காலையில் ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் பரவாயில்லை. பி12 அடிமட்டத்தில் நிற்கிறது, ஊசிதான் என்றார் டாக்டர். சர்க்கரை மாத்திரையை நிறுத்தி எத்தனையோ நாளாகிவிட்டது, அதைப் பார்த்து அவரே மகிழ்ந்துபோனார். பசியைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டே, எப்போது வருகிறது, சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து, நடுக்கம் உண்டா, வியர்வை உண்டா என்று கேட்டார். பதினொரு மணிப் பசிக்கு முன்னால் காலையில் என்ன சாப்பிட்டேன் என்று ஒரு வாரத்துக்குக் குறித்துக் கொண்டுவரச் சொன்னார். சில சமயம் அது பசியே இல்லை, சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சர்க்கரை சரிவதாம். நாளை முதல் தனி நோட்டு. உடம்பில் இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் முடிவு இன்னும் வரவில்லை, மாலையில் போன் செய்து கேட்க வேண்டும்.