அரை இன்ச் என்றால் எந்த அரை இன்ச்?

பம்பிலிருந்து வரும் தண்ணீர்க் குழாயில் ஒரு ஃபில்டரும் ஒரு பிரஷர் கேஜும் மாட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பதினோரு நாள் ஆனது.

ஃபில்டர் ஹவுசிங்கின் வாயில் அரை இன்ச் என்று போட்டிருந்தது. என்னிடம் இருந்த பித்தளை நிப்பிளும் (இரு முனையிலும் திருகு மரை உள்ள சிறு குழாய்த் துண்டு) அரை இன்ச். டெஃப்லான் டேப் சுற்றித் திருகினேன். மூன்று நான்கு சுற்று கையாலேயே போனது, அப்புறம் ஸ்பேனர் வைத்து இறுக்கினேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது. தண்ணீரைத் திறந்தபோது ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் அடியில் ஈரம்.

கழற்றி, டேப்பை இரண்டு மடங்காகச் சுற்றி மறுபடியும் மாட்டினேன். இரண்டு நாள் தாங்கியது. பிறகு பம்பு ஓடி நிற்கும் ஒவ்வொரு முறையும் கசிந்தது. மூன்றாவது தடவை இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன். டக்கென்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் வாயில் நீளவாக்கில் விரிசல். புது ஹவுசிங் வாங்கிய பிறகுதான் டேப்பை விட்டுவிட்டு மரையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் புரிந்துகொண்டது, அரை இன்ச் என்பது ஒரு பெயர் மட்டுமே என்பது. அரை இன்ச் என்றால் 12.7 மி.மீ. ஆனால் அந்த நிப்பிளில் எந்த இடத்தை அளந்தாலும் 12.7 வராது. மரையின் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 21 மி.மீ. ஒரு காலத்தில் குழாயின் உள்துளையைக் குறித்த பெயர் அது. குழாயின் சுவர் மெலிந்து துளை மாறிய பிறகும் பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது விஷயம்தான் என் ஹவுசிங்கை உடைத்தது. உலகத்தில் குழாய் மரைக்கு இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஒன்று பிஎஸ்பி, பிரிட்டிஷ் வழி. மற்றது என்பிடி, அமெரிக்க வழி. பிஎஸ்பியில் மரையின் பல் 55 டிகிரி கோணத்தில் இருக்கும், உச்சியும் பள்ளமும் உருண்டையாக இருக்கும். என்பிடியில் 60 டிகிரி, உச்சியும் பள்ளமும் தட்டையாக வெட்டியிருக்கும். இது ஏன் இப்படி என்று தேடிப் போனால் கதை 19ஆம் நூற்றாண்டுக்குப் போகிறது. பிரிட்டனில் ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளின் திருகுகளைச் சேர்த்துப் பார்த்து 1841இல் 55 டிகிரியை முன்வைத்தார். 1864இல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ், செய்வதற்கும் சரிபார்ப்பதற்கும் 60 டிகிரிதான் சுலபம் என்றார். அந்த ஐந்து டிகிரி வித்தியாசம் இன்றைக்கும் குழாயில் இருந்துகொண்டிருக்கிறது.

சரி, கோணம் வேறு என்றால் மாட்டும்போதே தெரிய வேண்டாமா? மற்ற அளவுகளில் ஓரளவு தெரிந்துவிடும். கால் இன்ச்சில் பிஎஸ்பிக்கு ஒரு இன்ச் நீளத்தில் 19 மரை, என்பிடிக்கு 18. ஒரு இன்ச் அளவுக் குழாயில் பிஎஸ்பிக்கு 11, என்பிடிக்கு பதினொன்றரை. இரண்டு மூன்று சுற்றிலேயே சிக்கிக்கொள்ளும், கைக்கு உறுத்தும். ஆனால் அரை இன்ச்சிலும் முக்கால் இன்ச்சிலும் இரண்டு குடும்பத்துக்கும் அதே 14 மரை. விட்டமும் ரொம்ப நெருக்கம். அரை இன்ச் பிஎஸ்பியின் பெயரளவு விட்டம் 20.955 மி.மீ. என்பிடி சாய்வு மரை என்பதால் முனையில் சுமார் 20.7இல் தொடங்கி, உள்ளே போகப் போக 21.3 வரை தடிக்கும். வெர்னியர் என்ற அளவுகோலை எங்கே வைத்தாலும் இரண்டில் எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் என் நிப்பிள் அவ்வளவு இயல்பாக உள்ளே போனது. அரை இன்ச்சையும் முக்கால் இன்ச்சையும்தான் நான் இப்போது மிக அதிகமாகச் சந்தேகப்படுகிறேன்.

உள்ளே போனாலும் அவை பொருந்தவில்லை. 55 டிகிரிப் பல் 60 டிகிரிப் பள்ளத்தில் பக்கம் முழுக்கப் படியாது. மெல்லிய ஒரு கோட்டில் மட்டும் தொடும். மீதி இடம் சுருள் பாதையாக, வாயிலிருந்து உள்வரை திறந்தே கிடக்கும். டேப் அதைச் சில நாள் அடைத்து வைக்கிறது. பம்பு ஓடி நிற்கும்போது அழுத்தம் ஏறி இறங்கி, டேப்பை அசைத்து வழி பிடித்துவிடுகிறது. தண்ணீர் என்பதால் எனக்கு ஈரத்தோடு போயிற்று. கேஸ், நீராவி, ஹைட்ராலிக் எண்ணெய் போகிற லைனில் இந்தக் கலப்பைச் செய்யவே கூடாது.

புது ஹவுசிங்கை மாட்டுவதற்கு முன்னால் ஒரு மரை கேஜ் வாங்கினேன், இலை இலையாக விசிறி மாதிரி விரியும் கருவி. அதில் 55 டிகிரிக்கு ஒரு கட்டு, 60 டிகிரிக்கு ஒரு கட்டு. நிப்பிளில் 55 டிகிரி 14ஆம் எண் இலையை வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். இடையில் வெளிச்சமே வரவில்லை. 60 டிகிரி 14ஐ வைத்தபோது ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் மெல்லிய வெள்ளிக் கீற்று. அதைப் பார்த்த நொடியில் பத்து நாள் குழப்பம் தீர்ந்தது. ஹவுசிங்கின் பெண் மரைக்குள் (உள்பக்க மரை) என் மரை கேஜ் போகவில்லை, அதனால் ஹவுசிங் தயாரிப்பாளரின் வரைபடத்தைத் தேடிப் பார்த்தேன். அதில் என்பிடி என்று தெளிவாக இருந்தது.

ஆக, ஒரு பக்கம் பிஎஸ்பியும் மறுபக்கம் என்பிடியும் உள்ள அடாப்டர் வேண்டும். அதிலும் ஒரு தடவை தவறினேன். முதலில் வாங்கியதில் ‘பிடி (PT) அரை’ என்று பொறித்திருந்தது. என்பிடியைச் சுருக்கி எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் 55 டிகிரி. ஜப்பானின் பழைய தர முறையில் பிடி என்பது பிஎஸ்பி குடும்பத்தின் சாய்வு மரை, பிஎஃப் என்பது அதே குடும்பத்தின் நேர் மரை. மாட்டுவதற்கு முன் மரை கேஜ் வைத்துப் பார்த்ததால் இந்த ஹவுசிங் தப்பியது.

நேர் மரை, சாய்வு மரை என்கிற இந்த வித்தியாசம் பிரஷர் கேஜ் மாட்டும்போது வந்து நின்றது. பிஎஸ்பிக்குள்ளேயே இரண்டு வகை. ஆர் என்று குறித்தால் சாய்வு மரை: 16 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. மாறும், மரை ஆப்பு மாதிரி இறுகி டேப்போடு சேர்ந்து அடைக்கும். ஜி என்று குறித்தால் நேர் மரை: முனையிலும் அடியிலும் ஒரே விட்டம். அது பிடித்து நிறுத்த மட்டும்தான். தண்ணீரைத் தடுப்பது வாஷரோ ஓ-ரிங்கோ. என் பிரஷர் கேஜின் அடியில் ஜி கால் என்று இருந்தது. வெர்னியரை முதல் மரையிலும் கடைசி மரையிலும் வைத்தேன், இரண்டிலும் 13.1. நேர் மரையேதான். நான் பழக்கத்தில் அதற்கும் டேப் சுற்றி வைத்திருந்தேன். உரித்துவிட்டு, துளையின் அடியில் செம்பு வாஷர் போட்டு, கேஜின் முகத்தை நேராக வைத்து, தண்டின் சதுரத்தில் ஸ்பேனர் பிடித்து இறுக்கினேன். டயலைப் பிடித்துத் திருகினால் உள்ளே இருக்கும் குழல் கெட்டுவிடலாம் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சாய்வு ஆண் மரையை (வெளிப்பக்க மரை) நேர்ப் பெண் மரையில் மாட்டலாமா என்று கேட்பீர்கள். பிஎஸ்பிக்குள் ஆர்பி என்று குறித்த பெண் மரை அதற்காகவே செய்யப்படுவது, டேப்போடு நன்றாக நிற்கும். அதைத் திருப்பி, ஜி ஆண் மரையைச் சாய்வுப் பெண் மரையில் போட்டால் நிற்காது.

சரியான அடாப்டரின் என்பிடி முனையை ஹவுசிங்கில் திருகியபோது வித்தியாசம் கையிலேயே தெரிந்தது. முன்பு போனது போல வழுக்கிப் போய்த் திடீரென்று நிற்கவில்லை; ஒவ்வொரு சுற்றுக்கும் சீராக இறுக்கம் கூடியது. பிளாஸ்டிக் வாய் என்பதால் கையிறுக்கத்துக்கு மேல் ஒரு சுற்றோடு நிறுத்திக்கொண்டேன். மூன்று சுற்று டேப் போதுமாக இருந்தது.

அடியில் காகிதம் விரித்து ஒரு வாரம் பார்த்தேன், நனையவில்லை. பிறகு ஹவுசிங்கின் பக்கத்தில் அழியாத மார்க்கரால் ‘என்பிடி அரை, 60 டிகிரி, 14’ என்றும், கேஜுக்குக் கீழே ‘ஜி கால், டேப் வேண்டாம், வாஷர்’ என்றும் எழுதி வைத்தேன். அடுத்து இதைக் கழற்றப்போவது நானாக இல்லாமலும் இருக்கலாம்.