காசு கட்டிச் சுமந்த கதை

ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல்லில் எங்கள் குடும்பம் ஏழு சுற்றுச் சுற்றியது. சுற்றிப் பார்த்தது என்று சொல்லவில்லை, சுற்றியது. ஐந்தாவது சுற்றில் என் மனைவி குலதெய்வத்தைக் கூப்பிட்டாள். ஏழாவதில் காலையில் சாப்பிட்ட இட்லியைக் காவிரிக்கே கொடுத்துவிட்டாள். எல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்திறங்கிய அக்கா மகனின் கைங்கரியம்.

மாப்பிள்ளை இந்தக் கோடை விடுமுறையில் மினசோட்டாவில் ஒரு முகாமுக்குப் போய்வந்திருக்கிறான். பத்து நாள் காடு, ஏரி, கனூ என்கிற ஒல்லிப் படகு. கைப்பேசி கிடையாது. கனடா எல்லையை ஒட்டிய அந்தக் காட்டுக்குப் பவுண்டரி வாட்டர்ஸ் என்று பெயராம். உள்ளே ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகளாம். 1978-இல் சட்டம் கொண்டுவந்து, பெரும்பாலான ஏரிகளில் மோட்டார் படகையே விலக்கிவிட்டார்களாம். ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேல் சேரக் கூடாதாம். ஒகேனக்கல்லுக்கு நாங்கள் பிடித்த வேனில் பதினான்கு பேர். மடியில் உட்கார்ந்தவர்கள் தனிக் கணக்கு. அந்தக் காட்டில் எங்களை வாசலிலேயே மடக்கியிருப்பார்கள்.

ஒரு ஏரி முடிந்து அடுத்த ஏரி வரைக்கும் தரை இருந்தால், படகைக் கவிழ்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அதற்குப் போர்ட்டேஜ் என்று பெயர். தூரத்தை ராட் கணக்கில் சொல்வார்கள்; ஒரு ராட் பதினாறரை அடி, 320 ராட் ஒரு மைல். கெவ்லார் என்கிற செயற்கை இழையில் செய்த இலேசான படகே இருபது கிலோ. அலுமினியம் என்றால் முப்பதைத் தொடும். தோளில் பொருந்தும்படி படகின் நடுவில் ஒரு குறுக்குக் கட்டை உண்டு. "அது யோக், தாத்தா" என்றான். தமிழில் என்ன என்று அப்பா கேட்டார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் நுகத்தடி என்று சொல்லித் தொலைத்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. பேரனுக்கு நுகத்தடி பூட்ட மகள் பணம் கட்டியிருக்கிறாள். கட்டிய டாலரை அக்கா ரூபாயாக்கிச் சொன்னதும் அப்பா காதுக் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். "பென்னாகரம் சந்தைக்கு நான் புளி மூட்டை சுமந்தபோது யாரும் சொல்லவில்லையே, நானும் பணம் கட்டியிருப்பேனே" என்றார்.

அம்மா கேட்ட கதை வேறு. சாப்பாட்டுப் பையைக் கரடி எடுக்காதபடி ராத்திரி மரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுவார்களாம். "உறிதானே? நாம் பூனைக்குக் கட்டினோம், அவர்கள் கரடிக்குக் கட்டுகிறார்கள்" என்று பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டாள். ஆனால் அடுத்து அவன் ஒரு குட்டி மண்வெட்டியின் படத்தைக் காட்டினான். நடுவழியில் வயிறு அவசரப்படுத்தினால், தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளிப்போய், ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டி, வேலை முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூட வேண்டும். அம்மா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டாள். "கழிப்பறை கட்டு என்று அரசாங்கம் 12,000 ரூபாய் கொடுத்து ஊரையே வீட்டுக்குள் உட்காரவைத்தது. இவள் பணம் கட்டிப் பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பியிருக்கிறாளே!" அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஒகேனக்கல் போவதென்றால் ஆடி மாதத்தில் முதலில் அப்பாவிடம் அனுமதி வாங்க வேண்டும். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் எத்தனை கனஅடி என்று பேப்பரில் பார்த்து உரக்கப் படிக்காமல் அவருக்குக் காபி இறங்காது. எங்கள் நிலம் இருப்பது பாலக்கோட்டில். தக்காளிக்கு ஊற்றுவது போர்வெல் தண்ணீர். ஆனாலும் கர்நாடகம் திறந்துவிட்ட ஒவ்வொரு கனஅடியும் தம் கையெழுத்தோடுதான் மேட்டூருக்குப் போகிறது என்பது அவர் நினைப்பு. வரத்து ஏறிப் பரிசலுக்குத் தடை போட்ட நாட்களில் முகம் மலர்ந்திருக்கும். ஞாயிறு காலை, "குறைந்துவிட்டது, போங்கள்" என்று வருத்தத்தோடு அனுமதி கொடுத்தார்.

பரிசலில் நான், மனைவி, சின்னவள், மாப்பிள்ளை. தண்ணீர் அசையாமல் கிடந்த ஓர் இடத்தில், துடுப்பைத் தன்னிடம் தரும்படி பரிசல்காரரைக் கெஞ்சினான். அவர் என்னைப் பார்த்தார். தாய்மாமன் என்ற பெருமையில் தலையாட்டிவிட்டேன்.

கனூவில் ஒரே பக்கம் துடுப்புப் போட்டால் படகு மறுபக்கம் திரும்பும்; அதைச் சரிசெய்ய, ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் துடுப்பை வெளிப்பக்கம் ஒரு திருகு திருக வேண்டும். ஆங்கிலத்து ஜே எழுத்துப் போல வருவதால் அதற்கு ஜே ஸ்ட்ரோக் என்று பெயர். விளக்கிக்கொண்டே போட்டான். பரிசலுக்கு ஜே தெரியாது. தட்டில் விட்ட பம்பரம் போல அது சுழல ஆரம்பித்தது. அவன் திருகத் திருக வேகம் கூடியது. பக்கத்துப் பரிசலில் வந்த சேலத்துக்காரர்கள், எங்களுக்கும் அப்படிச் சுற்றிக் காட்டுங்கள் என்று தங்கள் பரிசல்காரரை நச்சரித்தார்கள்.

துடுப்பை வாங்கிக்கொண்டு எங்கள் பரிசல்காரர் சொன்னார்: "தம்பி, உங்கள் படகுக்கு மூக்கு இருக்கிறது, வால் இருக்கிறது. இதற்கு எது மூக்கு? நீங்கள் போக வேண்டிய பக்கம்தான் மூக்கு. அங்கிருந்து தண்ணீரை உங்கள் பக்கம் இழுங்கள், பின்னால் தள்ளாதீர்கள்."

பாறை குறுக்கிட்ட இடத்தில் எங்களை இறங்கி நடக்கச் சொன்னார். தோளில் கிடந்த துண்டை முறுக்கிச் சும்மாடாக்கித் தலையில் வைத்தார். மூங்கில் பிளாச்சும் தாரும் சேர்ந்த அந்தப் பரிசலை ஒரே மூச்சில் தூக்கிக் கவிழ்த்துக்கொண்டார். அதன்பிறகு அவர் தெரியவில்லை. கறுப்பு ஓடு ஒன்று இரண்டு வெறுங்காலோடு பாறைமேல் நடந்துபோனது.

மாப்பிள்ளை நின்றுவிட்டான். "மாமா, போர்ட்டேஜ்."

"மெதுவாகச் சொல். தாத்தா காதுக்குப் போனால் இன்னும் ஒரு வாரம் பேசுவார்."

அந்தப் பக்கம் போய் இறக்கிவைத்ததும், எவ்வளவு எடை என்று அவரிடம் கேட்டான். "காலையில் ஒரு கனம், சாயங்காலம் ஒரு கனம்" என்றார். ஒரு நாளைக்கு எத்தனை முறை தூக்குவீர்கள் என்று கேட்டான். "ஆள் வந்தால் எட்டு, பத்து. தண்ணீர் ஏறித் தடை போட்டால் ஒன்றும் இல்லை." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கரையில் அம்மா முன்கூட்டியே சொல்லிவைத்திருந்த மீன் குழம்பைப் பையன் பாதியில் வைத்துவிட்டான். காரம் என்று அக்கா சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும், முள் குத்திய காலோடு ஆயாவிடம், அதாவது என் அம்மாவிடம், போய் உட்கார்ந்தான். சும்மாடு எப்படிச் சுற்றுவது? முப்பது வருடம் ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுத்த தலை அவளுடையது. கைக்குக் கிடைத்த துண்டை எடுத்து, ஒரு முறுக்கு, ஒரு வளையம், நுனியை உள்ளே செருகு என்று காட்டினாள். அவிழ்த்துக் கொடுத்து மறுபடி செய்யச் சொன்னாள். நாலாவது தடவைதான் சரியாக வந்தது. அதன்மேல் சூட்கேசை வைத்துக்கொண்டு, கையை எடுத்துவிட்டுக் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தான். எப்படியும் ஒரு ராட் இருக்கும். டியூப் லைட்டுக்கு முந்நூறு ரூபாய் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை இரவு பெங்களூருவிலிருந்து விமானம். பெட்டி 23 கிலோவைத் தாண்டுகிறது என்று அக்கா இரண்டு கிலோ கேழ்வரகு மாவை எடுத்து வெளியே வைத்துவிட்டாள். அடியில், காலுறைகளுக்கு நடுவில் சுருட்டி வைத்திருப்பதை அவள் பார்க்கவில்லை. மூன்று நாளாக அப்பா குளித்துவிட்டு வந்து கொடியைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்கிறார்.