மட்டன் ஸ்ட்ரீட்டில் வெள்ளி உப்புக் கிண்ணங்கள்

மும்பை சோர் பஜாரில் பழம்பொருள் பார்க்க வேண்டுமென்றால் மட்டன் ஸ்ட்ரீட்டுக்குத்தான் போக வேண்டும். வெள்ளிக்கிழமை வேண்டாம், கடைகள் மூடியிருக்கும். மாட்டுங்காவிலிருக்கும் சித்தப்பாவோடு கிளம்பினேன். கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம்.

கிராமபோன், கடிகாரம், சரவிளக்கு எல்லாவற்றையும் தாண்டி நான் தேடியது வெள்ளைக்காரர்களின் சாப்பாட்டு மேஜையில் இருந்த சின்னச் சாமான்களை. உப்புக் கிண்ணம், மூடி போட்ட கடுகுச் சாடி, மிளகுப்பொடி தூவும் குப்பி. எண்ணெய்க்கும் வினிகருக்கும் கண்ணாடிப் புட்டிகள் வைத்த கைப்பிடித் தாங்கியும் உண்டு. கடுகுச் சாடியின் மூடி ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். மூடியபிறகும் கரண்டிக் காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்க அது. அந்த வேலைப்பாட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்!

ஒரு கடையில் வெள்ளிக் கிண்ணத்துக்குள் கருநீலக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று பதிந்திருந்தது. "அழகுக்கா வச்சிருக்கான்?" என்றார் சித்தப்பா. அழகும்தான், ஆனால் காரணம் உப்பு. ஈரம் பட்ட உப்பு வெள்ளியை அரித்துப் புள்ளி புள்ளியாகக் குழி விழ வைக்கும். கடுகில் இருக்கும் கந்தகம் கறுக்க வைக்கும். அதனால்தான் உள்ளே கண்ணாடி, இல்லாவிட்டால் தங்க முலாம். நம் வீடுகளில் ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி வைப்பதும் இதே அறிவுதானே!

வாங்குபவர்கள் முதலில் பொருளைக் கவிழ்த்து அடியில் குத்தியிருக்கும் முத்திரைகளைப் பாருங்கள். பக்கவாட்டில் நடக்கும் சிங்கம் இருந்தால் இங்கிலாந்தின் ஸ்டெர்லிங், அதாவது 92.5 சதவீதம் வெள்ளி. வெள்ளியைச் சோதித்து முத்திரை குத்திய ஊருக்கும் அடையாளம் உண்டு: நங்கூரம் என்றால் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை என்றால் லண்டன். பக்கத்திலுள்ள எழுத்து வருடத்தைச் சொல்லும். ராஜா அல்லது ராணியின் தலையும் இருந்தால் வரி கட்டிய அடையாளம். அது 1784 முதல் 1890 வரைதான். 'ஈ.பி.என்.எஸ்.' என்று இருந்தால் அது நிக்கல் கலவைமேல் வெள்ளி முலாம். 1840-இல் பர்மிங்ஹாமின் எல்கிங்டன் காப்புரிமை பெற்ற மின்முலாம் முறை அது. அதற்கும் முந்தையது ஷெஃபீல்டு பிளேட், செம்புமேல் வெள்ளித் தகட்டை ஒட்டிச் செய்தது. அதில் ஓரம் தேய்ந்த இடத்தில் செம்பு சிவப்பாக எட்டிப் பார்க்கும். முலாம் பொருள் மட்டமில்லை. வெள்ளி விலை கொடுத்து வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

எனக்கு ஆசை சென்னை மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் செய்த சுவாமி சில்வர் மேல். ஆங்கிலேயர் மேஜைச் சாமானில் நம் தெய்வ உருவங்களைப் புடைத்தெழச் செய்த வேலை. அன்று கண்ணில் படவில்லை.

புட்டித் தாங்கி ஒன்று பிடித்திருந்தது. ஆனால் புட்டிகள் வேறு வேறு செட்டிலிருந்து சேர்ந்தவை, மூடிகளும் சரியாக உட்காரவில்லை. அதை விட்டுவிட்டு, நீலக் கண்ணாடி உடையாமலிருந்த ஒரு கடுகுச் சாடியைப் பேரம் பேசி எடுத்தேன். சித்தப்பா வீட்டில் இப்போது அதில் மாங்காய்த் தொக்கு. சாப்பிட்டு முடித்ததும் கண்ணாடியை வெளியே எடுத்துக் கழுவித் துடைத்துவிடுங்கள் என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறேன்.