வாக்குவம் ஹோஸ் செய்முறைத் தேர்வு: இரண்டாம் முறை எப்படித் தேறினேன்

1970களின் கார்புரேட்டர் கார் ஒன்றின் பானெட்டைத் திறந்துவைத்து, பத்து பாகங்களில் எண் ஒட்டியிருந்தார்கள். பாகத்தின் பெயர், அதன் வேலை, அதற்கு வரும் ஹோஸ் எங்கிருந்து புறப்படுகிறது ஆகிய மூன்றையும் எழுத வேண்டும். பெயர்களைச் சரியாக எழுதிவிட்டேன், ஹோஸ்களில் கோட்டை விட்டேன். முதல் முறை தோல்வி.

படங்களை மனப்பாடம் செய்துகொண்டு போனதுதான் காரணம். படத்தில் தனித்தனியாகத் தெரிகிற பாகங்கள், காரில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்.

அடுத்த முறை, வாக்குவம் (இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் இழுப்பு) பிறக்கும் இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன். அது பிறப்பது இரண்டு இடங்களில். ஒன்று, த்ராட்டில் தட்டுக்குக் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுத் தடுப்பு) கீழே உள்ள இன்டேக் மேனிஃபோல்டு, அதாவது சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுபோகும் குழாய். இன்ஜின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போதே இங்கே நல்ல இழுப்பு இருக்கும். நல்ல நிலையில் உள்ள இன்ஜினில் வாக்குவம் கேஜ் பெரும்பாலும் 17 முதல் 21 பாதரச அங்குலம் காட்டும். மற்றொன்று, தட்டுக்குச் சற்று மேலே உள்ள துளை. ஐடிலில் இங்கே விரலை வைத்தால் இழுக்காது. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்தால் விரல் ஒட்டிக்கொள்ளும். இந்த வித்தியாசத்தை விரலால் உணர்ந்த பிறகுதான் எனக்குப் பாடமே பிடிபட்டது.

இஜிஆர் (புகை மறுசுழற்சி) வால்வைப் பாருங்கள். எரியும் வெப்பத்தைக் குறைத்து நைட்ரஜன் ஆக்சைடு உருவாவதைத் தடுக்க, புகையில் கொஞ்சத்தை அது மறுபடியும் உள்ளே விடுகிறது. ஐடிலில் திறந்தால் இன்ஜின் திணறும் என்பதால், பல கார்களில் அதற்கு மேல்துளை வாக்குவம்தான். அதுவும் நேராகப் போகாது. குளிர்நீர்ப் பாதையில் திருகியிருக்கும் வெப்ப வாக்குவம் சுவிட்ச் வழியாகப் போகும். இன்ஜின் சூடாகும்வரை அந்த சுவிட்ச் வழிவிடாது. நான் மதிப்பெண் இழந்தது இந்த நடு ஆளை விட்டதால்தான். பாதி வழியில் ஊகிக்காமல், ஒவ்வொரு ஹோஸையும் கை வைத்து மறுமுனைவரை தடவிப் போங்கள்.

மற்றவை எளிது. வால்வு கவரிலிருந்து கார்புரேட்டர் அடிப்பகுதிக்குப் போகும் தடித்த ஹோஸில் இருப்பது பொதுவாக பிசிவி வால்வு; இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை மறுபடி எரிக்க அனுப்புவது அதுதான். கழற்றிக் குலுக்கினால் கடகடவென்று சத்தம் வர வேண்டும். பெட்ரோல் டேங்க் ஆவியைச் சேர்த்துவைக்கும் கருப்பு டப்பா, சார்கோல் கேனிஸ்டர். பெல்ட்டில் சுற்றும் ஏர் பம்பை (புகைப் பாதைக்குள் காற்றைத் தள்ளுவது) ஆல்டர்னேட்டர் (மின்சாரம் தயாரிப்பது) என்று பலர் எழுதிவிடுகிறார்கள். மின்கம்பி இல்லாமல் தடித்த ஹோஸ் மட்டும் வந்தால் அது ஏர் பம்ப்.

வாய்மொழியில் ஒரு கேள்வி வந்தது: அமெரிக்காவில் 1975 மாடல்களில் ஈயமில்லாப் பெட்ரோல் ஏன் கட்டாயமானது? அந்த ஆண்டு பெரும்பாலான கார்களில், புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. ஈயம் அதன் மேற்பரப்பில் படிந்து அதைச் செயலிழக்க வைத்துவிடும்.

அப்புறம், பழைய ஹோஸை வெடுக்கென்று இழுக்காதீர்கள். பயிற்சியில் ஒரு பிளாஸ்டிக் முனையை நான் அப்படித்தான் முறித்தேன். மெல்லத் திருகி, ஒட்டுப் பிடி விட்டதும் கழற்றுங்கள்; அதற்கு முன்பே இரு முனையிலும் ஒரே எண்ணை டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள்.